கணக்கு இடிக்கிறது

கப்பலூரில் ரப்பர் வாஷர் செய்யும் கம்பெனி.
எங்கள் செக்‌ஷனில் ஒன்பது பேர்.
லெட்ஜர், டெஸ்பாட்ச், சம்பளப் பட்டியல்.
மேலே முதலாளியின் மருமகனும் இரண்டு இன்ஜினியர்களும்.
கீழே பிரஸ் ஓட்டுகிறவர்கள், லோடு ஏற்றுகிறவர்கள்.
நடுவில் நாங்கள்,
பதினொரு மணி டீக்கு வடை உண்டா என்று
கவலைப்பட நேரம் இருந்தவர்கள்.

ஆர்டர் நின்ற அந்த வருஷம்
யாரையும் வேலையை விட்டு எடுக்கவில்லை.
"கொஞ்ச நாள் வீட்ல இருங்க, கூப்பிடுறோம்" என்றார்கள்.
ஆர்டர் திரும்பி வந்தது.
பிரஸ் ஆட்களைக் கூப்பிட்டார்கள்,
ஏஜென்சி மூலமாக, தினக்கூலிக்கு.
இன்ஜினியர்களுக்குச் சம்பளம் ஏறியதாம்.
எங்களைக் கூப்பிட மட்டும் யாருக்கோ மறந்துவிட்டது.
ஒன்பது மேஜை இருந்த இடத்தில்
ஒரு கம்ப்யூட்டர், அதற்கு ஒரு ஏ.சி.

செசிலி கோர்ஸ் படித்து மேலே போய்விட்டாள்:
இளந்தைக்குளம், கண்ணாடிக் கட்டடம், ஐந்தாவது மாடி.
ருக்மாங்கதன் ஐம்பத்திரண்டு வயதில்
சாப்பாட்டுப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு
காளவாசல் சிக்னலில் நிற்கிறார்.
போதும்பொண்ணு ரெண்டு வீட்டில் சமையல்.
சிக்கந்தரைப் பற்றிக் கேட்காதீர்கள், போன் எடுப்பதில்லை.
நான் செசிலியின் கட்டடத்துக் கேட்டில்,
நைட் ஷிப்ட். தொளதொள நீலச் சட்டை,
பையின்மேல் இன்னொருவன் பெயர்.

அவள் கார் வந்தால் தடுப்பைத் தூக்குகிறேன்.
முதல் வாரம் இறங்கி வந்து பேசினாள்.
இப்போது கண்ணாடியை மட்டும் இறக்குகிறாள்.
குற்றம் சொல்லவில்லை,
பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன.

எனக்கு மிச்சம் வருகைப் பதிவேடு.
ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருக்கிறேன்.
உள்ளே. வெளியே. கையெழுத்து.
பக்கத்தின் அடியில் கூட்டிப் போடு என்று
யாரும் கேட்கவில்லை. கூட்டுகிறேன்.
இருபத்திரண்டு வருஷக் கை, சும்மா இருக்காது.

நேற்று விடிகாலை நாலு மணிக்கு
உள்ளே நாற்பத்தொன்று, வெளியே நாற்பது.
ஒன்று இடித்தது.
டார்ச்சை எடுத்துக்கொண்டு தேடினேன்,
ஜெனரேட்டர் அறை, படிக்கட்டு, கக்கூஸ் வரை.
தரைத்தளத்தில் பெண்கள் கூட்டிக்கொண்டிருந்தார்கள், அது வேறு கூட்டல்.
ஐந்தில் விளக்கு எரிந்தது.
இடையில் மூன்று தளங்கள்.
'வாடகைக்கு' என்ற அட்டை, சுருட்டாத வயர்,
கை ஒடிந்த ஒரு சுழல் நாற்காலி.
அதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கீழே வந்து பென்சிலைச் சீவி,
சூப்பர்வைசருக்குப் புரியாது என்று தெரிந்தே,
அடிக்குறிப்பு எழுதினேன்:
வித்தியாசம் ஒன்று.
சஸ்பென்ஸ் கணக்குக்கு
எடுத்துச் செல்லப்படுகிறது.