எழுத்துக் கணக்கு

பாரிசிலிருந்து வந்த ஓடர்:
பெயர் தமிழில், ஆண்டு உரோம இலக்கத்தில்.
“இஞ்ச பழைய கல்லெல்லாம் அப்பிடித்தான், தங்கச்சி”
என்றா யூஜினி அக்கா, வட்சப்பில்.

எனக்கு மணிக்கூட்டில் உள்ளது மட்டும் தெரியும்.
பன்னிரண்டோடு படிப்பு முடிந்தது.

ஸ்ரான்லி வீதியில் கணிதப் பயிற்சிப் புத்தகம் கேட்டேன்.
“எத்தினையாம் ஆண்டுப் பிள்ளைக்கு?”
“நாற்பத்திரண்டு வயசுப் பிள்ளைக்கு.”
கடைப் பெடியன் சிரிக்காமல்
மிச்சக் காசை எண்ணித் தந்தான்.

கரண்ட் நின்ற மத்தியானம்
வெட்டுமெசினும் நானும் சும்மா இருந்தோம்.
கறுப்புக் கல்லில் படிந்த வெள்ளைத் தூசியில்
விரலால் எழுதிப் பழகினேன்.
I ஓர் ஈர்க்கு. X ஒன்றையொன்று வெட்டும் ஈர்க்கு இரண்டு.
L எங்கள் மேசையிலேயே கிடக்கிறது, மூலைமட்டம்.
C நூறு. D ஐந்நூறு.
இவை இரண்டும் மாறி மாறி மறந்துபோயின.
M ஆயிரம்.

சின்னது பெரிதின் பின்னால் நின்றால் கூட்டு,
முன்னால் போய் நின்றால் கழி.
கலியாணப் பந்தியிலும் இதுதானே சட்டம்,
சின்னவன் முந்தினால் பெரியவருக்குக் குறை.
ஆனால் எல்லாச் சின்னதும் முந்தேலாது.
தொண்ணூற்றொன்பதை IC என்று எழுதிவிட்டு
கடைசிப் பக்கத்தில் விடை பார்த்தேன்: XCIX.
நூறுக்கு முன்னால் நிற்க
ஒன்றுக்கு அனுமதி இல்லையாம்.

புத்தகத்தில் நாலு IV.
சுவர் மணிக்கூட்டில் IIII.
மணிக்கூடு இதுவரை எனக்குப் பொய் சொன்னதில்லை.
ஆனாலும் கல்லுக்குப் புத்தகம் என்று முடிவெடுத்தேன்.

எழுத்துக்கு நூற்றெண்பது ரூபாய்.
ஐயா MCMXXIV, MCMXCIX: பதினாலு எழுத்து.
அம்மா பிறந்தது MCMXXXI. போனது MM.
இரண்டாயிரத்தில் போனவர்கள்
பிள்ளைகளுக்குச் செலவு வைக்கவில்லை.

“தம்பி றெஜினோல்ட். அறுபத்தொன்று.”
MCMLXI, தட்டிவிட்டேன்.
“மற்ற ஆண்டு, அக்கா?”

பாரிசில் ஏதோ வாகனம் கத்திக்கொண்டு போனது.

“வள்ளம் குருநகருக்கு வந்தது. அவன் வரேல்ல.
எந்த ஆண்டெண்டு ஊருக்கே தெரியும்.
அம்மா இருக்கும்வரைக்கும் அதைச் சொல்ல விடேல்ல.
இப்ப நான் எப்பிடிக் கல்லிலை போடுறது?
பூச்சியம் ஒண்டு போடுவமே?”

“உரோமருக்குப் பூச்சியம் இல்லை, அக்கா.
புத்தகம் முழுக்கத் தேடிப் பார்த்தனான்.”

எங்கள் பழைய உறுதிகளிலும் அப்படித்தான்.
பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲,
காணியும் கிணற்றுப் பங்கும் எழுதி முடித்தார்கள்.
ஒன்றுமில்லை என்பதற்கு
அவர்களும் ஓர் எழுத்தைச் செலவழிக்கவில்லை.

“அப்ப கோட்டோட விடு” என்றா.

கட்டம் வெறுமையாய் இருந்தால்
மெசின் வெட்டாது, சிவப்பில் பிழை காட்டும்.
இடைவெளி விசையை ஏழு தரம் தட்டினேன்,
ஐயாவின் ஆண்டு அளவுக்கு.
ஏற்றுக்கொண்டது.

தூசி பறக்க ஐயாவும் அம்மாவும் இறங்கினார்கள்.
பிறகு றெஜினோல்ட், பிறகு MCMLXI, பிறகு கோடு.
அதன்பின் ஊசி தலையைத் தூக்கியது.
சுற்றிக்கொண்டே, கல்லைத் தொடாமல்,
ஏழு எழுத்துத் தூரம் மெல்லப் போய்
நின்று
திரும்பி வந்தது.

இருபத்தொன்பது எழுத்து, ஐயாயிரத்து இருநூற்றிருபது.
பில்லையும் உரோம இலக்கத்தில் எழுதிப் பார்த்தேன்.
ஐயாயிரத்துக்கு V போட்டு
அதன் தலைக்குமேல் ஒரு கோடு இழுக்கவேண்டும்.
தலையில் ஏறினால் கோடு
ஆயிரம் மடங்காக்குமாம்.

பக்கத்தில் கிடக்கும் கோட்டுக்கு
நான் காசு எடுக்கவில்லை.