இரண்டாம் பொத்தான்

டுலூத்தில் அன்று இறுதியாட்டம்.
பெட்டி மாட்டிய பையன் சொல்லியிருந்தான்:
"மேடம், நீங்கள் ஒருத்தி அல்ல,
இருபதாயிரம் பேர்.
உட்கார்ந்ததும் இரண்டாம் பொத்தானை அழுத்துங்கள்."
அழுத்தினேன்.

முதல் பொத்தான் ஆர்விட்டுடையது.
நவம்பரில் டெலோரிஸோடு போய்விட்டான்,
தன் இருபதாயிரத்தையும் கூட்டிக்கொண்டு.

மூன்றாம் விளம்பரத்தில்
வாசல் பனியை வாரக் கிளம்பினேன்.
"இருக்கிறீர்களா?" என்று
சிவப்பு விளக்கு
நாற்காலியைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

தெரு நெடுக
நீலம் நடுங்கும் ஜன்னல்கள்.
எவனோ பந்தோடு ஓடியிருக்க வேண்டும்:
பன்னிரண்டு வீடுகளும் ஒருசேரக் கத்தின,
ஆளில்லாத என் வீடும்.

காலைச் செய்தித்தாளில்
வரலாறு காணாத கூட்டமாம்.

அதில் இருபதாயிரம் பேருக்கு
இன்னும்
இடுப்பு பிடித்திருக்கிறது.