மூட்டைக் கணக்கு

மார்ச் முப்பத்தொன்று ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு
ஆலங்குளம் கிட்டங்கி வாசலில்
கடைசி லாரிக்கு ரசீது போட்டேன்.
வாங்க ஆளில்லாத நாற்பது டன்.
இலக்கு முடிந்தது.
சிமெண்ட் கம்பெனி எனக்கு ஜப்பான் தந்தது.

கீழப்பாவூர் குத்தாலிங்கத்துக்கும் தந்தது.

மூட்டைக்கு ஏழு ரூபாய் குறைத்து
என் கொத்தனார்களை ஒவ்வொருவராய் இழுத்த ஆள்.
மூன்று வருஷமாகக் கல்யாண வீடுகளில்
ஒரே பந்தியில் விழாமல் பார்த்துக்கொண்டோம்.
விமானத்தில் பக்கத்துப் பக்கத்து சீட்.
நடுவில் இருந்த கைப்பிடியை
மதுரை தாண்டி சிங்கப்பூர் தாண்டி
இருவருமே தொடவில்லை.

டோக்கியோவை நாற்பத்தைந்தாம் மாடியிலிருந்து காட்டினாள்
கொடி பிடித்து வந்த பெண்.
மற்ற டீலர்கள் போட்டோவுக்குச் சிரித்தார்கள்.
எனக்குக் கணக்கு ஓடியது.
கண்ணுக்கெட்டிய மட்டும் கான்கிரீட்,
எத்தனை மூட்டை,
என்ன கழிவில் போயிருக்கும்?
அந்தப் பக்கம்
கண்ணாடியில் மூக்கு அழுந்த நின்றவரின்
உதடும் அசைந்துகொண்டிருந்தது.

ஷிபுயா நாற்சந்தியில் பச்சை விழுந்ததும்
ஆனித் தேருக்குக் கூடுகிற சனம் போல இறங்கினார்கள்.
ஒரு தோள் இன்னொரு தோளில் படவில்லை.
வடமில்லை, தேருமில்லை.
அடுத்த சிவப்பில் ஒருத்தருமில்லை.
நான் மட்டும் நடுவில் செருப்பு வார் அறுந்து.
யாரோ என் முழங்கையைப் பிடித்து இழுத்து
இக்கரை சேர்த்துவிட்டு
உடனே கையை விட்டார்.

புல்லட் ரயிலில் புளியோதரைப் பொட்டலம் பிரித்தோம்.
'வலப்பக்கம் பூஜி மலை, மேகத்துக்குள்ளே இருக்கிறது,
நம்புங்கள்' என்றாள் கொடிக்காரி.
'பொதிகை மட்டும் என்ன,
அரை வருஷம் முகத்தைக் காட்டாது'
என்றார் குத்தாலிங்கம், ஜன்னலிடம்.

ஹகோனேயில் வெந்நீர் ஊற்று விடுதி.
உடம்பில் நூல்கூட இருக்கக் கூடாதாம்.
குற்றாலத்தில் ஜட்டிக்கு மேல் துண்டு கட்டிக் குளிக்கும்
பத்தொன்பது பேர் போர்டைப் பார்த்தோம்.
பதினேழு பேர் அறைக்குத் திரும்பினார்கள்.
இந்த ஆள் போகட்டும் என்று நான் நின்றேன்.
நான் போகட்டும் என்று அவர்.
அவர் சட்டையைக் கழற்றினார், நான் வேட்டியை.
விலை குறைப்பது போலத்தான்
ஒன்றொன்றாகக் குறைத்துக்கொண்டே போய்க்
கடைசியில் குறைக்க ஒன்றுமில்லை.

தீபாவளிக்கு மறுநாள் தெரு மணக்குமே,
அந்தக் கந்தக வாசம்.
ஆவி கொஞ்சம் விலகியபோது பார்த்தேன்.
தொண்டைக்குழிக்குக் கீழிருந்து நெஞ்சு நெடுக
விரிசலுக்குப் பூசியது மாதிரி ஒரு கோடு.

'போன ஐப்பசி. மதுரையில வச்சு.
சரக்கெடுக்கக் கேரளா போயிருக்கேன்னு
கடையில சொல்லச் சொன்னேன்.
சீக்குக்காரன்னு தெரிஞ்சா
எவன்வே எனக்குக் கடனுக்குச் சரக்குத் தருவான்?
இந்தச் சூட்டுல உக்காந்தேன்னு
டாக்டர்ட்ட சொல்லிராதியும்.'

அந்த ஐப்பசியில்தான் நான்
பாவூர்சத்திரம் சந்தை வரைக்கும் சொல்லிவைத்தேன்,
கடனுக்குப் பயந்து ஆள் ஓடிவிட்டான் என்று.
படுக்கையில் கிடந்துகொண்டே
போனில் ஆர்டர் பிடித்திருக்கிறார் மனுஷன்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.
'தண்ணி ரொம்பச் சூடு' என்றேன்.
'ஆமா' என்றார்.

ஆடிச் சாரலில் ஐந்தருவி வரிசையில்
எனக்கு நாலாள் முன்னால் அவர்,
எண்ணெய் வழிய, பனியனோடு.
'அய்யாவுக்கு வெக்கமோ' என்று ஒருத்தன் கத்தினான்.
எல்லோரும் சிரித்தார்கள்.
அருவி ஓங்கி விழாத ஓரம் ஒன்று காலியானது.
என் முறை அது.
பின்னால் திரும்பிக் கூட்டத்தைத் தடுத்து
போலீஸ்காரர் விசிலடிக்கும் வரை நின்றேன்.

மறுநாள் காலை
மூட்டைக்கு இரண்டு ரூபாய் குறைத்தார்.
மத்தியானத்துக்குள் நான் மூன்று.

இந்த வருஷ இலக்குக்குத் துருக்கி.
அங்கேயும் வெந்நீர்க் குளியல் உண்டாம்,
விசாரித்துவிட்டேன்.