எல்லை வரிசை

தர்மபுரியிலிருந்து அரூர் போகும்
ஐந்தே முக்கால் பேருந்தில்
மடியில் தெர்மாகோல் பெட்டி.
உள்ளே இரண்டாயிரம் பேர் என்றால்
நடத்துனர் டிக்கெட் கிழித்துவிடுவார்.
மருந்து என்றேன்.
அது பொய்யுமில்லை.

சிவப்பு மூடிக் குப்பியில் ஓர் இனம்,
நீல மூடியில் மற்றது.
லத்தீனில் நீளமான பெயர்கள் உண்டு.
விஞ்ஞானி சொல்வார்; எனக்கு மூடியின் நிறம் போதும்.
எள்ளை நாலாய் உடைத்து
ஒரு துண்டுக்குச் சிறகு வைத்தால் அதுதான் குளவி.
நம்மைக் கொட்டாது.
நம் தோல் அதற்குப் பாறை.

தீர்த்தகிரியின் ஒன்றரை ஏக்கர் குச்சிக்கிழங்கு
தீர்த்தமலைச் சாலையை ஒட்டி.
கொழுந்தெல்லாம் கோசாய்ச் சுருண்டிருக்க
இடுக்குகளில் மாவுப்பூச்சி,
சலித்து முடித்த கை
உதறிவிட்டுப் போன மாதிரி.
"ரெண்டு தினுசையும் விட்டா
ரெண்டு மடங்கு வேல நடக்குமா மேடம்?"
அதைக் கண்டுபிடிக்கத்தான்
எனக்குத் தினக்கூலி.
பதினோரு மாதம், பிறகு புதுப்பித்தால் உண்டு.

மூடி திறந்ததும் பறக்கவில்லை.
இலைக்காம்பில் இறங்கி நடந்தன,
கொம்பால் தட்டித் தட்டி,
சந்தையில் தேங்காய் வாங்குகிறவள் போல.
ஒரு பூச்சியைத் தட்டிப் பார்த்து விட்டுவிட்டது.
இன்னொன்றைத் தட்டி, திரும்பி நின்று,
பின்னால் ஊசி இறக்கி
ஒரு முட்டை.
அரை மணி கழித்து நீலம் வந்தது.
அதே பூச்சி. அதே தட்டல்.
உள்ளே ஆள் இருப்பது தெரிந்ததோ என்னவோ,
கொஞ்சம் தயங்கியது.
பிறகு அதுவும் ஊசியை இறக்கியது.

உயிரோடிருக்கும் பூச்சிக்குள் இனி இரண்டு பேர்.
பால்வெள்ளைப் புழுக்கள், கண் இல்லை.
பொரித்த அன்றைக்கு மட்டும்
அரிவாள் போல் வளைந்த தாடை இருக்கும்.
தின்பதற்கல்ல.
பக்கத்தில் இன்னொன்று இருந்தால், அதற்கு.
சட்டை உரித்ததும் அந்த அரிவாளும் கழன்றுவிடும்,
மீதி நாளெல்லாம் சாதுவாகச் சாப்பிடும்.

பூச்சி கடைசியில் பழுப்பு உறையாய் இறுகியது.
நூறு உறைகளைப் பொறுக்கி வந்து
ஆளுக்கொரு ஜெலட்டின் குழாயில் இட்டு
நானும் நவமணியும் காத்திருந்தோம்.
வட்டமாய் ஓட்டை போட்டுக்கொண்டு வந்தவை
சிவப்பு அறுபத்தேழு,
நீலம் பதினொன்று.
இருபத்திரண்டு உறைகள் திறக்கவேயில்லை.

ஊசிமுனையால் கீறிப் பார்த்தேன்.
சிலதில் வெறும் தூள்.
ஒன்பதாவதில் இரண்டு பேர்,
ஒன்றின் தாடை மற்றதின் கழுத்தில்.
கடித்ததும் செத்திருந்தது.
நுண்ணோக்கியிலிருந்து முகத்தை எடுத்தபோது
நவமணி சாம்பார் சாதம் பிரித்துக்கொண்டிருந்தாள்.
"என்னக்கா?"
ஒன்றுமில்லை என்றேன்.
பதிவேட்டில் இரண்டே கட்டம்.
பென்சிலால் மூன்றாவது கோடு இழுத்தேன்.
சனிக்கிழமை யாரோ அழித்திருந்தார்கள்.

அடுத்த பருவத்துக்குச் சிவப்பு மட்டும் போதும் என்று
கடிதம் வந்தது.
நீலத்துக்குத் தேன் தடவிய காகிதம் இனி வேண்டாம்,
பரங்கிக்காய் வேண்டாம்,
ஒரு ஆள் சம்பளமும் வேண்டாம்.

கடைசிக் கணக்கெடுப்புக்குப் போனேன்.
கொழுந்துகள் விரிந்திருந்தன.
தீர்த்தகிரி மில்லுக்குப் பேசிக்கொண்டிருந்தார்,
பாயிண்ட் எவ்வளவு, வண்டி வாடகை யார் என்று.
குளவியைப் பற்றிக் கேட்கவேயில்லை.

தோட்டத்தின் ஓரத்து வரிசையை எண்ணக் கூடாது.
பக்கத்துக் காற்றும் தூசியும்
முடிவைக் கெடுக்கும் என்பது விதி.
பாறை மேட்டை ஒட்டிய அந்த வரிசையில்
யாரும் கவாத்து பண்ணாத செடி ஒன்று,
அதில் பருத்துக் கிழடான மாவுப்பூச்சிகள்.
சிவப்பு சீண்டாத வயசு.
அவற்றின் மேல்
வெள்ளைக் கொம்பை ஆட்டிக்கொண்டு
நீலம்.
ஒன்று, மூன்று, பிறகு
எண்ண எண்ண ஏறிக்கொண்டே போயிற்று.

பேனா கையில்தான் இருந்தது.
நான்கு மணிப் பேருந்து வளைவில் ஹாரன் அடித்தது.
காலிப் பெட்டியோடு ஓடினேன்.
இம்முறை நடத்துனர் ஒன்றும் கேட்கவில்லை.