உப்பு டப்பா இருக்கும் இடம்

போட்ஸ்ஃபியூரில் நவம்பர் கடைசி.
மதியம் ஒன்றரைக்கே இருட்டு வந்து
மீன் ஏலக்கூடத்தின் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்க்கிறது.
மேசைமேல் இரண்டு சர்வர்கள்,
மூன்றாவது கீழே, படகுத்துறை எடைமேடைக்குள்.
ஆறிப்போன காபியோடு குன்வோர்.

பணமில்லாததால் மட்டும் அல்ல,
திறந்து பார்க்கவிடாத பெட்டிக்கு
அவள் எப்போதுமே கையெழுத்துப் போட்டதில்லை,
நண்டானாலும் நிரலானாலும்.

ஹல்வார்ட் கேட்கிறார்:
"மூன்றும் ஒரே குடும்பம்தானே?
ஒன்றையே எல்லாவற்றிலும் போட்டால் என்ன?"

குடும்பம்தான்.
கலிபோர்னியப் பல்கலைக்கழகம் ஒன்றில் பிறந்த தாய்,
பாகம் பிரிந்துபோன பிள்ளைகள்.
முகஜாடை யாருக்கும் தெரியும்.
சமையலறைக்குள் போனால்தான்
உப்பு டப்பா ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வோர் அலமாரியில்.

வாசலுக்கு ஓபன்பிஎஸ்டி.
கேட்காமல் ஒரு ஜன்னலையும் திறந்துவைக்காத பிறவி.
அதன் சின்னம், உடலை ஊதிக்கொண்ட முள்மீன்.
முப்பது வருஷம் காட் மீன் எடைபோட்ட ஹல்வார்ட்
அன்று சிரித்தது அதற்கு மட்டும்தான்:
"இதை இங்கே ஒருத்தனும் ஏலம் கேட்கமாட்டான்."
"அதற்காகத்தான்."

கிடங்குக்கு ஃப்ரீபிஎஸ்டி.
பதினொரு வருஷத்து எடைச்சீட்டுகள், படகு வாரியாக.
ஒதுக்கீட்டை மீறினாயா என்று மீன்வளத்துறை கேட்கும் நாளில்
ஹார்ட் டிஸ்க் தூக்கத்தில் ஒரு பிட்டைப் புரட்டியிருந்தால்
நானூறு கிலோ என்ன கிலோ ஆகுமோ!
ஸெட்எஃப்எஸ் ஒவ்வொன்றாய் எண்ணிச் சரிபார்க்கும்,
கெட்டதை மறுபிரதியிலிருந்து திருத்தும்,
காலையில் ஒரு வரி எழுதிவைக்கும்.
வாசல்காரனையே கிடங்கிலும் விட்டுப் பார்த்தாள் போன வருஷம்.
நேர்மையானவன்தான்.
அந்தப் பாடம் மட்டும் அவன் படிக்கவில்லை.

எடைமேடைக்குள் இருந்தது ஒரு பழைய ஸ்பார்க்.
அதன் தராசு அட்டைக்கு மாற்று எந்தக் கடையிலும் இல்லை.
ஃப்ரீபிஎஸ்டி ஏறெடுத்தும் பார்க்கவில்லை.
ஓபன்பிஎஸ்டி ஒருகாலத்தில் வந்துபோன வீடு;
இப்போது வருவதில்லை.
நெட்பிஎஸ்டி மட்டும்
பனிச்சப்பாத்தைக் கழற்றி ஓரமாய் வைத்துவிட்டு
உள்ளே வந்து உட்கார்ந்தது.

இதோடு முடிந்திருக்க வேண்டும்.

இரவு பதினொன்றுக்கு வீட்டிலிருந்து
வாசலில் இரண்டு வரி எழுதினாள்:
என்னை உள்ளே விடு.
மற்ற எல்லாரையும் தடு.
ஏற்றியதும் ஒன்றும் அறுபடவில்லை.
நிம்மதியாக வெளியேறினாள்.
பல் தேய்த்துவிட்டு எதற்கோ மறுபடி தட்டினால்
கதவு அவளைத் தெரியாது என்றது.

கிடங்கில் அவள் எழுதும் விதிகளில்
முதலில் பொருந்தும் வரியே சட்டம்.
வாசலில் கடைசியில் பொருந்துவது.
அவளுடைய அனுமதியை
அவளே எழுதிய அடுத்த வரி விழுங்கிவிட்டது.
உப்பென்று அள்ளிப் போட்டது சர்க்கரை.

நாலு மணிக்குப் படகுகள் வரும்.
மைனஸ் பதினாறு. காற்று வேறு.
பனி தள்ளும் வண்டியில் இஸ்ஸாத் பாதி வழி கொண்டுவிட்டான்,
எதற்கு என்று கேட்கவில்லை.
மீதி வழி முழுக்க
அவள் ஹல்வார்டோடு மனசுக்குள் சண்டை போட்டாள்:
ஒன்றையே போட்டிருந்தால் இந்த நடை மிச்சம்,
சரி, ஒப்புக்கொள்கிறேன்,
ஆனால் எந்த ஒன்றை, சொல்லுங்கள்,
எந்த ஒன்றை?

விசைப்பலகையைச் செருகி, கையுறையோடே,
வரிகளை இடம் மாற்றினாள்.
மீன்பெட்டி ஒட்டும் டேப்பைக் கிழித்து
வாசல் பெட்டிமேல் ஒட்டி எழுதினாள்:
இங்கே கடைசி வரி பேசும்.
கிடங்கின்மேல்: இங்கே முதல் வரி.
துறைக்கு இறங்கினாள்.
ஸ்பார்க்கின்மேல் டேப் ஒட்டவில்லை,
அத்தனை செதில்.

மூன்று ஐம்பதுக்கு முதல் படகு.
தராசில் ஒரு தொட்டி ஏறியது.
பழைய பெட்டி கொஞ்சம் யோசித்து
இருநூற்றுப் பதினேழு என்றது.
சீட்டு வாசலைத் தாண்டி, கிடங்கில் விழுந்து,
பச்சை விளக்கு ஒருமுறை சிமிட்டியது.
படகுக்காரன் அடுத்த தொட்டிக்குக் கத்தினான்.