இருநூற்று நாற்பது வாட்

மீட்டர் ரீடிங் எடுக்கிறவன் நான்.
படியேறும் முன்பே
உள்ளே ஓடுவது கிரைண்டரா மோட்டாரா என்று
சுவர் வழியாகச் சொல்லிவிடுவேன்.
மரத்தைப் பற்றி மட்டும் என்னைக் கேட்கக்கூடாது.

அப்படிப்பட்டவன்
சனிக்கிழமை மத்தியானம்
மன்னார்குடி பந்தலடிக்குப் பக்கத்தில்
ஹார்டுவேர் கடையில் நின்றேன்,
தேய்க்கிற மிஷின் ஒன்று வேண்டுமென்று.

எந்தப் பட்டறை சார்?
பட்டறை இல்லை, ஸ்கூட்டர் ஷெட்.
ஆசாரி யாரு?
ஆசாரி இல்லை தம்பி,
ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிற செங்கமலம் டீச்சர்.
ஞாயிற்றுக்கிழமையில் ஸ்டூல் செய்வாள்.
நாலு காலில் ஒன்று மட்டும்
தரையைத் தொடுவதா வேண்டாமா என்று
யோசித்துக்கொண்டே நிற்கும் ஸ்டூல்.

அன்வர்தீன் சிரிக்கவில்லை.
இங்கேதான் வாங்குவது என்று அப்போதே முடிவானது.

மூன்றை எடுத்து மேசையில் வைத்தான்.
முதலாவது பெல்ட் ஓடுவது.
சுவிட்சைத் தட்டியதும்
அவிழ்த்துவிட்ட கன்று மாதிரி என்னை இழுத்தது.
அடுத்தது சதுரம், விலை குறைவு,
கை முழுக்கக் குளிர்ஜுரம்.
மூன்றாவது உருண்டை.
சுற்றவும் செய்யும், சுற்றிக்கொண்டே ஆடவும் செய்யும்,
பலகையில் சுழி விழாது என்றான்.
அடியில் இருநூற்று நாற்பது வாட் என்று போட்டிருந்தது.
நாலு மணி நேரத்துக்கு ஒரு யூனிட்,
மனசு தானாகப் போட்டுக்கொண்டது.

தூசிப் பை இருக்கிறதா என்று மூன்று தடவை கேட்டேன்.
பை பாதியைப் பிடிக்கும் சார்,
மீதி வீட்டுக்குத்தான்.

தை மாதத்தில் ஒருநாள்
ரசத்தில் மரத்தூள் என்று சொல்லியிருந்தேன்.
அவள் பதில் சொல்லவில்லை.
மறுவாரம் உப்புத்தாளும் பலகையுமாக
மொட்டைமாடிக்கு ஏறிவிட்டாள், வெயிலோடு.

டீச்சர் கை எவ்வளவு இருக்கும், கேட்டான்.
பிடி தடிமனா இருந்தா
அரை மணியில விரல் மரத்துப்போயிடும்.

இருபத்தாறு வருஷம்.
நான்தான் மரத்துப்போய் நின்றேன்.

வீட்டுக்குத் திரும்பி
அவள் ஸ்பெஷல் கிளாஸிலிருந்து வருமுன் ஷெட்டுக்குள் போனேன்.
கஜா புயலில்
நான் கம்பங்களுக்குப் பின்னால் ஓடிய பதினெட்டு நாளில்
பாமணி ஆற்றங்கரையில் சாய்ந்த பூவரசை
விலை பேசி, மில்லில் அறுத்து,
தள்ளுவண்டியில் கொண்டுவந்து அடுக்கியிருக்கிறாள்.
இதுநாள்வரை விறகென்று நினைத்திருந்தேன்.
நடுவில் கத்தரிக்காய்க் கருப்பு, ஓரம் வெளிறல்.
சுவிட்ச்போர்டுக்குக் கீழே
பசை காய்ந்த ஒரு கை.
அதன்மேல் என் கையை வைத்துப் பார்த்தேன்.
என் விரல்கள் ஒரு கணு தாண்டி நின்றன.
அளக்க வேறெதுவும் இல்லை,
மின்கணக்கு அட்டையை வைத்துக் கோடு கிழித்துக்கொண்டு
மறுபடியும் பந்தலடிக்கு.

பிரித்தவள் மிஷினைத் தொடவில்லை.
கூட வந்த புத்தகத்தை முழுக்கப் படித்தாள்,
பரீட்சைப் பேப்பர் மாதிரி.
பிறகு, தாள் என்ன நம்பர்?
எண்பது, நூற்றிருபது, இருநூற்று நாற்பது.
பரவாயில்லையே, என்றாள்.
இதுல நம்பர் கூடக்கூட வழவழப்பு.
உங்க இலாகாவுலதான் கூடினா சண்டை.

மறுநாள் ஸ்டூலுக்குப் போவாள் என்றிருந்தேன்.
அவள் கொல்லைக் கதவுக்குப் போனாள்.
ஐப்பசி வந்தால் ஊதிக்கொள்ளும் கதவு.
பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று
மூன்று வருஷமாக நான் உதைத்தே சாத்துவது.
மூக்கில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு
ஓரத்தில் ஓட்டினாள்.
வீடெல்லாம் மாவுமில்.
பை பாதியைத்தான் பிடித்தது.
கை உதறாமல் நிறுத்தினாள்.
அதை மட்டும் கவனித்தேன்.

ராத்திரி கை கழுவிவிட்டு
பழக்கத்தில் ஓர் உதை விட்டேன்.
கதவு பறந்துபோய் நிலையில் அறைந்தது,
தெருக்கோடியில் நாய் குரைத்தது.

மெதுவா, என்றாள் ஷெட்டிலிருந்து.
இனிமே அதுக்கு உதை வேண்டாம்.