கல் எடுத்த இடம்

மூன்று கிலோமீட்டர் பாலம். ஒரு வண்டி அகலம்தான்.
எதிரே இன்னொன்று வந்தால் யாராவது ஒதுங்க வேண்டும்.
மொசாம்பிக்கின் பழைய தலைநகரில்
முதலில் கற்க வேண்டிய மரியாதை அது என்பேன்.
சிரிப்பார்கள்.
சிரித்து முடித்ததும் பெயர் சொல்வேன்: அதீஜா.
முகத்தில் ஏன் வெள்ளை என்று கேட்பதற்குள்
முசீரோ, மரத்தண்டு, கல்லில் தண்ணீர் விட்டு இழைத்தது
என்பதையும் சொல்லிவிடுவேன்.
கல்யாணம் ஆகிவிட்டதா என்பது அடுத்த கேள்வி.
அது கட்டணத்தில் சேராது.

இன்றைக்கு ஐந்து பேர்.
எல்லாவற்றையும் விலை கேட்கும் ஒரு தொப்பிக்காரர், அவர் மனைவி,
ஒரே கேமராவுக்குச் சண்டையிடும் இரண்டு இளைஞர்கள்,
அப்புறம் ஈவா. உயரமானவள். வந்ததிலிருந்து
எதையும் படம் எடுக்கவில்லை.

கோட்டையில் பீரங்கிகள் இன்னும்
கடலைப் பார்த்தே படுத்திருக்கின்றன.
தளமெல்லாம் சாய்வு, மழை வழிந்து தொட்டியில் சேர.
தீவில் எங்கே தோண்டினாலும் உப்புத்தான்.
பிடிக்க வந்தவர்கள் போனார்கள்,
கட்டியவர்களும் போனார்கள்,
வாளியோடு வந்த நாங்கள்
இன்னும் வந்துகொண்டிருக்கிறோம்.

நீர் வற்றும் நேரம் கடற்கரை.
பையன்கள் குந்தி உட்கார்ந்து மணலைச் சலிக்கிறார்கள்:
மூழ்கிய கப்பல்களின் பாசிமணி,
சிவப்பு, பச்சை, கடுகளவு நீலம்.
அந்தக் கூட்டத்தில் ஒரு முதுகு எனக்குத் தெரிந்த முதுகு.
பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய முதுகு.
நான் அதைப் பார்க்கவில்லை, அது என்னைப் பார்க்கவில்லை.

ஐம்பது மெத்திக்கால் என்றான் என் மகன்.
முப்பது என்றார் தொப்பிக்காரர்.
இதைக் கொடுத்து அந்தக் காலத்தில்
என்ன வாங்கினார்கள் என்று ஈவா கேட்டாள்.

தந்தம், என்றேன். பொன். ஆமையோடு.
தினமும் மூன்றோடு நிறுத்திக்கொள்வேன்.
அவள் கண்ணை எடுக்கவில்லை.
ஆட்களை, என்றேன்.

அலை வந்து போயிற்று என்று எழுதலாம்.
அலை அந்த நேரம் தொலைவில் இருந்தது.
தொப்பிக்காரர்தான் முப்பத்தைந்து என்றார்.

மாளிகைகளின் தெரு முடிகிற இடத்தில்
தரை சட்டென்று இறங்கும்.
ஓலைக் கூரைகள் உங்கள் முழங்காலுக்கு நிற்கும்.
காலையில் நீங்கள் வியந்த சுவர்களுக்கெல்லாம்
கல் வெட்டியது இங்கேதான்.
வெட்டிய குழியில் குடியேறினோம்.
நல்ல மழை பெய்தால்
ஊரே எங்களைத் தேடி வரும், அழுக்குத் தண்ணீராக.

உங்கள் வீட்டைப் பார்க்கலாமா என்பார்கள் சிலர்.
முடியாது என்பேன், சிரித்தபடி.
ஈவா வீட்டைக் கேட்கவில்லை.
அவசரம், கழிப்பறை எங்கே என்றாள்.
அதற்கு யார் மறுப்பார்கள்?

படி இறங்கினோம்.
உள்ளே என் நாத்தி முவாசீசாவும் நான்கு பெண்களும்
வெள்ளிக்கிழமைத் தூஃபுக்குத் தோள் அசைத்துப் பழகிக்கொண்டிருந்தார்கள்.
ஐந்து கபுலானா, ஒரே அச்சு, ஒரே மஞ்சள்.
விருந்தாளியைப் பார்த்துத் தாளத்தை நிறுத்தவில்லை,
தாளத்துக்குள்ளேயே தள்ளி வழிவிட்டார்கள்.
அடுப்பில் சிரி-சிரிக் கீரை, முந்திரிப் பாலில்.

திரும்பி வந்தவள் ஜன்னலருகே நின்றுவிட்டாள்.
தெருவில் அவளுக்காகக் காத்திருந்தன
தொப்பிக்காரரின் தோல் செருப்பு,
அவர் மனைவியின் வீங்கிய கணுக்கால்,
நான்கு வெள்ளைக் காலணிகள்.
அவ்வளவுதான் தெரியும்.
"கால்கள்தானா?" என்றாள்.
கால்கள்தான். தீவுக்கு வந்த எல்லோரையும்
செருப்பை வைத்து எனக்குத் தெரியும்.

சாயங்காலம் வண்டி பாலத்தில் ஏறிப் போனது.
நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.
ஜன்னலில் இரண்டு வெறுங்கால்கள் வந்து நின்றன,
குதிகாலில் உப்பு, விரலிடுக்கில் மணல்.
ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றி மறைத்துக்கொண்டன.

நசுர்தீன், என்றேன்.
எத்தனைக்குக் கொடுத்தாய்?